முதல்ல போட்டோ, அப்புறம் எலும்பு

— முதல்ல போட்டோ.

— டேய், காலு உள்ள மாட்டியிருக்குடா!

— அது ரெண்டாவது. விழுந்தா முதல்ல போட்டோ, அப்புறம் எலும்பு, கடைசியா வண்டி. நம்ம பைக் குழுவுக்கு இந்த விதியப் போட்டதே நீங்கதானே அண்ணே? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஹெல்மெட்ல இருக்குற சேத்தத் தொடைக்காதீங்க, அதுதான் அழகு.

— எடுக்காத! எடுக்காதன்னு சொல்றேன்ல... எடுத்துட்டியா?

— எடுத்தாச்சு. இப்ப எலும்பு. கால் வலிக்குதா?

— வலிக்கல. பூட்ஸ் மேல வண்டியோட சைடு பெட்டி உக்காந்திருக்கு. பூட்ஸுக்குக் கீழ சேறு. நடுவுல நான்.

— விரல ஆட்டுங்க.

— ஆட்டுறேன்.

— எனக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் சொல்றேன்ல! ஆடுது, நல்லா ஆடுது. சரிங்க தம்பி. விசாரிச்சதுக்கு நன்றி. நீங்க கெளம்பலாம்.

— அட, இப்பதானே வாய் நெறைய ‘டேய்’னு கூப்பிட்டீங்க! ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ‘டேய்’. காது குளுந்துபோச்சு. அதுக்குள்ள ‘நீங்க’ வந்துருச்சா?

— அது வலியில வந்தது.

— வலிக்கலன்னீங்களே?

— அதிர்ச்சியில வந்தது. போங்க. நான் பாத்துக்கறேன்.

— எத வெச்சுப் பாத்துப்பீங்க? இருநூத்தி நாப்பது கிலோ எருமை கால் மேல படுத்திருக்கு.

— எருமைன்னு சொல்லாத. அது பேரு ராணி.

— சரி, ராணியம்மா படுத்திருக்காங்க. எந்திரிக்கிற மாதிரி தெரியல. குழுவுக்குப் போன் போடவா? பத்து பேரு வந்துருவாங்க.

— வேணாம்! வேணவே வேணாம். பத்து பேரும் போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவானுங்க. பத்து போட்டோ ஆகும். அதுல ஒண்ணு உங்க அண்ணி கண்ணுல பட்டாப் போதும், என் கதை முடிஞ்சுது. இன்னொரு தடவ விழுந்தா வண்டிய வித்துடுவேன்னு சொல்லி வெச்சிருக்கா. வெறும் வாய் வார்த்தை இல்ல, ஆளே பாத்து வெச்சுட்டா. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரு. தினமும் காலைல ராணிய ஒரு பார்வை பாக்குறான் பாரு, எனக்கு வயிறு எரியுது.

— அடப்பாவமே. அப்ப இந்த ஒரு போட்டோவே போதும்னு சொல்லுங்க.

— என்ன மிரட்டுறியா?

— சும்மா சொன்னேன். பதறாதீங்க. மூச்ச மெதுவா இழுத்து விடுங்க. உதவி வந்துக்கிட்டே இருக்கு. கதவ நீங்களாத் தெறக்க முயற்சி பண்ணாதீங்க.

— எந்தக் கதவுடா?

— மன்னிச்சுக்கோங்க, பழக்க தோஷம். லிஃப்ட்டுல மாட்டுறவங்ககிட்ட தினமும் இதத்தான் சொல்றேன். மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல நிக்கிறவங்களுக்கும் இதே மூஞ்சிதான் இருக்கும்ணே.

— ஆமா, நீ எப்படி இங்க? நடந்தா வந்த? முதுகெல்லாம் சேறு?

— வண்டி மேல இருக்கு. சத்தம் கேட்டுச்சு, இறங்கி வந்தேன். வழியெல்லாம் வழுக்கல். சரி, அசையாம இருங்க, பூட்ஸுக்கு அடியில தோண்டுறேன். சாவிய அணைச்சீங்களா? பெட்ரோல் வாடை வருது.

— விழும்போதே அணைச்சாச்சு. யாருக்குச் சொல்லித் தர்ற? இருவத்தஞ்சு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன் நான்.

— தெரியும்ணே. அக்காவ நீங்க கட்டுனீங்க, தங்கச்சிய நான் கட்டுனேன். கல்யாணத்தன்னிக்கே சொன்னீங்க, ‘நம்ம வீட்டு மாப்பிள்ளை ஆகணும்னா வண்டி ஓட்டும்போது கண்ணாடி பாக்கக் கத்துக்கணும்’னு. ம்... இழுங்க.

— வரல.

— பூட்ஸ விட்டுட்டு காலை மட்டும் உருவுங்க.

— பூட்ஸ் புதுசுடா.

— கால் பழசு, அதுவாவது வெளிய வரட்டும். இழுங்க, நல்லா இழுங்க...

— வந்துருச்சு! அப்பாடா.

— சாக்ஸுல ஓட்டை.

— அதப் போட்டோ எடுத்த, வெட்டிடுவேன்.

— எடுக்கல, எடுக்கல. நில்லுங்க பாப்போம். ஊனுங்க. சரியா இருக்கா?

— இருக்கு. நன்றி தம்பி. இப்ப தள்ளி நில்லுங்க. என் வண்டிய நான் தூக்கிக்கறேன்.

— ஒத்தையாவா?

— முறை தெரிஞ்சா ஒத்தையாத் தூக்கலாம். ஹேண்டில முழுசாத் திருப்பணும். சீட்டுக்கு முதுகு காட்டிக் குத்த வெச்சு உக்காரணும். ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை பின்னாடி கம்பியில. முதுகால தூக்கக் கூடாது, காலால தள்ளணும். அப்படியே ஒவ்வொரு அடியா பின்னாடி நடக்கணும். புரியுதா இல்லையா?

— எனக்குப் புரியுது. ராணிக்குப் புரிஞ்சாச் சரி.

— ம்ம்ம்ம்ம்...

— அசையுது!

— அசையுதா?

— அசையுது. நீங்கதான். வண்டி இருந்த எடத்துலயே இருக்கு, நீங்க கீழ போய்க்கிட்டு இருக்கீங்க. முழங்கால் வரைக்கும் போயாச்சு.

— ஒரு கால்ல பூட்ஸ் இல்ல, அதான்.

— நான் ஒரு கை குடுக்கட்டுமா?

— கேட்டனா?

— கேக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் நான் இந்தக் கல்லு மேல உக்காந்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மாமனார் வீட்டுல அன்னிக்குச் சொன்னத வாபஸ் வாங்குங்க. அடுத்த நிமிஷம் என் தோள் உங்க சீட்டுல இருக்கும்.

— என்ன சொன்னேன்?

— ஓ, மறந்துபோச்சா? பெரியவங்க சின்னவங்க எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. ‘லிஃப்ட்டுக்கு எண்ணெய் விடுறவனுக்கு வண்டியப் பத்தி என்னடா தெரியும்’னு கேட்டீங்க. என் பொண்டாட்டி தட்டு மேலருந்து கண்ண எடுக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து என் மக கேக்குறா, ‘அப்பா, நீ எண்ணெய் விடுறவரா?’ன்னு. எனக்கு எவ்ளோ வலிச்சுது தெரியுமா?

— எனக்கு மட்டும் வலிக்கலையா? நீ என்ன பண்ண? நான் விழுந்த போட்டோவ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்ட!

— விதிப்படிதானே எடுத்தேன்?

— எடுக்கத்தான் விதி. போடச் சொல்லி விதி இல்ல! அதுவும் எப்படி விழுந்தேன்? ஓடிக்கிட்டு இருக்கும்போது விழுந்தாலாவது ஒரு கௌரவம் உண்டு. என் ஸ்கூல் வாசல்ல, நின்ன வண்டில இருந்து, கால ஊனத் தெரியாம சாஞ்சேன். அந்தப் படம் ஊரெல்லாம் சுத்தி, மறுநாள் கத்துக்க வர்ற பசங்க அத என் கண்ணாடிக் கதவுலயே ஒட்டிட்டானுங்க. கீழ எழுத்து வேற: ‘இங்கு சாய்வதற்கும் பயிற்சி அளிக்கப்படும்’.

— அத நான் எழுதல.

— பாத்துச் சிரிச்ச.

— நல்லா இருந்துச்சே அண்ணே.

— போடா!

— ‘போடா’வும் வந்துருச்சு. நல்ல முன்னேற்றம். ...அண்ணே, உங்க போன் அடிக்குது. டேங்க் மேல இருக்குற பையில.

— யாருன்னு பாரு.

— ‘மேலிடம்’னு வருது.

— ஐயையோ! எடுக்காத. இல்ல, எடுக்கலன்னா அதுக்கு மேல. என் கையெல்லாம் சேறு. நீ எடு, ஸ்பீக்கர்ல போடு. விழுந்தத மட்டும் சொல்லிடாதடா, உன் கால்ல விழுறேன்.

— இன்னிக்கு ஒரு தடவ விழுந்ததே போதும். இருங்க... ஹலோ?

— என்னங்க, எங்க இருக்கீங்க? ஏன் சத்தமே இல்ல? விழுந்துட்டீங்களா?

— அண்ணி, நான் பேசுறேன். உங்க தங்கச்சி புருஷன்.

— தம்பி! நீயா? அவர் போன் எப்படி உன்கிட்ட? ஐயோ, அவருக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல அண்ணி. பக்கத்துலதான் நட்டு வெச்ச மாதிரி நிக்கிறாரு. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வந்திருக்கோம்.

— யாரும் யாரும்?

— நானும் அண்ணனும்.

— விளையாடாத தம்பி.

— நெசமா அண்ணி. இந்தாங்க, அவரையே கேளுங்க. அண்ணே, பேசுங்க.

— ஆமாம்மா. அது... சேந்துதான் வந்தோம். ...ஏம்மா? லைன்ல இருக்கியா?

— இருக்கேங்க. அழுகை வந்துருச்சு, வேற ஒண்ணும் இல்ல. அப்ப இனிமே நான் குழாயத் தெறந்து விட வேணாமா?

— எந்தக் குழாய?

— பாத்ரூம் குழாயத்தான். தங்கச்சிகிட்ட பேசுறது உங்க காதுல விழக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா தண்ணியத் தெறந்து விட்டுட்டுத்தானே பேசிக்கிட்டு இருக்கேன்.

— அடிப்பாவி! அதான் தொட்டி தொட்டியாக் காலியாச்சா? ஒழுகுதுன்னு பிளம்பர எத்தன தடவ வர வெச்சேன்!

— அவரும் எங்கயும் ஒழுகல, எங்கயும் ஒழுகலன்னு தலையில அடிச்சுக்கிட்டுப் போனாரு, பாவம். நான் வேற என்ன பண்ணட்டும்? கூடப்பொறந்தவகிட்டப் பேசாம இருக்க முடியுமா? சரி, ராத்திரிக்கு ரெண்டு பேரும் நேரா நம்ம வீட்டுக்கு வந்துருங்க. அவளையும் பிள்ளைங்களையும் நான் இப்பவே கூப்பிடறேன். தம்பி, ஒரு வார்த்தை. இவர் விழலையே?

— அண்ணி, அது...

— தம்பி, உண்மையச் சொல்லு.

— சத்தியமாச் சொல்றேன் அண்ணி, நான் பாக்கும்போது அவர் விழல.

— அப்பச் சரி. வெக்கிறேன், முதல்ல அவகிட்ட சொல்லணும். குழாயத் தெறக்காமப் பேசப் போறேன்!

— ...வெச்சுட்டாங்க அண்ணே.

— ம்.

— எங்க வீட்டுலயும் ரெண்டு வருஷமா மோட்டார் ஓடிக்கிட்டேதான் இருக்கு. நான் வால்வு போச்சுன்னு நெனச்சு ரெண்டு தடவ மாத்துனேன்.

— ஏன்டா பொய் சொன்ன? விழுந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராணி இந்நேரம் பல் டாக்டர் வீட்டுல. நீ ஜெயிச்சிருப்ப.

— ஜெயிச்சு என்ன பண்ண? உங்க வண்டி போயிட்டா அப்புறம் நான் யாரோட ஓட்டுறது? ரெண்டு வருஷமா ஒத்தையா ஓட்டுறேண்ணே. வளைவுல முன்னாடி போயி ‘பள்ளம், பள்ளம்’னு கைய ஆட்ட ஆளில்ல. வழியில கடையில நிறுத்துனா எதிர் நாற்காலி காலியா இருக்கு. உங்க அறுவை இல்லாம எனக்குப் பொழுதே போகல.

— அறுவையா?

— ‘புரியுதா இல்லையா, புரியுதா இல்லையா’ன்னு கேப்பீங்களே, அது.

— ...தப்புடா.

— எது?

— அதான். அந்த எண்ணெய்.

— முழுசாச் சொல்லுங்க. இங்க யாரும் இல்ல, மரம் மட்டும்தான் இருக்கு.

— உன்ன எண்ணெய் விடுறவன்னு சொன்னது தப்பு. உன் பொண்டாட்டி முன்னாடி, உன் மக முன்னாடி சொன்னது அத விடப் பெரிய தப்பு. எனக்கு அவமானம் தாங்கல, வாய் விட்டுட்டேன். ராத்திரி உன் மகளக் கூப்பிட்டு நானே சொல்றேன், ‘உங்கப்பா இல்லன்னா இந்த ஊர்ல பாதிப் பேரு படியேறியே செத்திருப்பான்’னு. போதுமா?

— போதும்ணே. ரொம்பப் போதும். நானும் அந்தப் போட்டோவ எல்லாருக்கும் போட்டிருக்கக் கூடாது. இந்தாங்க, இன்னிக்கு எடுத்தது. உங்க கையாலயே அழிச்சுடுங்க.

— கையில சேறு. நீயே அழி. இரு இரு, ஒரு தடவ காட்டு... நல்லாத்தான் வந்திருக்கு, பின்னாடி மலையெல்லாம் தெரியுது.

— அப்ப வெச்சுக்கட்டுமா?

— அழிடா!

— அழிச்சாச்சு. எந்திரிங்க, வேலையப் பாப்போம். கியர்ல இருக்கா?

— முதல் கியர்ல. அப்பதான் இந்தச் சரிவுல உருளாது. நான் ஹேண்டில் பக்கம், நீ பின்னாடி கம்பியப் பிடி. ரெண்டு பேரும் சீட்டுக்கு முதுகு காட்டிக்கணும். காலால தள்ளு. புரியுதா இல்லையா?

— ஆகா. புரியுதுண்ணே.

— ஒண்ணு, ரெண்டு... மூணு!

— வருது, வருது! தள்ளுங்க!

— எந்திரிக்கிறாடா! ராணி எந்திரிக்கிறா!

— அண்ணே, உருளுது! ஏன் உருளுது?

— தெரியலடா!

— பிடிங்க! அந்தப் பக்கம் சாயுது! பிடிங்க, பிடி...

— ஐயோ.

— விழுந்துருச்சு.

— ஆமா. இந்தத் தடவ அந்தப் பக்கம்.

— கியர்ல இருக்குன்னு சொன்னீங்க?

— கியர்லதான்டா இருக்கு. நீயே பாரு.

— அப்புறம் எப்படி உருண்டுச்சு? உங்க கை எங்க இருந்துச்சு?

— ஹேண்டில்ல.

— ஹேண்டில்ல எங்க?

— ...கிளட்ச்சுல.

— அமுக்குனீங்களா?

— நான் அமுக்கல, அது தானா அமுங்குச்சு! பக்கத்து சீட்டுல உக்காந்து ‘கிளட்ச்ச அமுக்கு, கிளட்ச்ச அமுக்கு’ன்னு வாழ்நாள் முழுக்கக் கத்துனவன்டா நான். ஏதாவது ஏடாகூடமாப் போச்சுன்னா என் கையும் காலும் அதைத்தான் தேடுது. கெட்ட கனவு வந்தாக்கூட தூக்கத்துல கட்டில் பலகைய ஓங்கி மிதிக்கிறேனாம். உங்க அண்ணி தனியாப் படுக்கப் போறேன்னு சொல்றா. சிரிக்காத!

— சிரிக்கலண்ணே... முடியல... ஒரு நிமிஷம்...

— சிரிச்சுத் தொலை. நானும்... ஐயோ, வயிறு வலிக்குதுடா.

— விடுங்க, ஒரு விதத்துல நல்லதுதான். இப்ப ஸ்டாண்டு மேல் பக்கம் வந்துருச்சு. அத முதல்லயே இறக்கி விட்டுட்டுத் தூக்கினா, அந்தப் பக்கம் சாஞ்சாலும் ஸ்டாண்டுல நின்னுக்கும்.

— அதுக்குத்தானே இந்தப் பக்கம் போட்டேன்.

— ஆமாமா, வேணும்னுதான் போட்டீங்க. இந்தத் தடவ ஹேண்டில் என் கையில. இந்தப் பக்கம் பிரேக்குதான் இருக்கு, எவ்ளோ வேணா அமுக்கலாம். நீங்க பின்னாடி வாங்க. அங்க அமுக்க ஒண்ணும் இல்ல.

— உனக்குத் திமிருடா. ஸ்டாண்ட இறக்கியாச்சா?

— இறக்கியாச்சு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு!

— தள்ளுங்க... இன்னும்... விடாதீங்க...

— இடுப்பு போகுதுடா...

— போகட்டும், தள்ளுங்க! இன்னும் ஒரு அடி...

— நிக்குதா?

— நிக்குது.

— விட்டுடவா?

— விடுங்க. நின்னுருச்சு அண்ணே! ராணியம்மா நின்னுட்டாங்க!

— பூட்ஸு! பாரு, அங்க கெடக்கு, ஒண்ணும் ஆகல. இரு, வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்... வா கண்ணு... வா செல்லம்... ஆ! கேட்டியா சத்தத்த? என் தங்கமே!

— கண்ணாடி ஒண்ணு போச்சு.

— போகட்டும். கண்ணாடிக்கு ஏதாவது கதை சொல்லிக்கலாம், குரங்கு ஒடைச்சுதுன்னு. வண்டி தப்பிச்சுதே! டேய், இங்க வா. கட்டிப்பிடிச்சுக்கறேன்.

— சேறுண்ணே.

— உன் மேல மட்டும் சந்தனமா இருக்கு? வாடா. உண்மையச் சொல்றேன், கேட்டுக்கோ. மேல உன் வண்டிய விட்டுட்டு, ரெண்டு வருஷக் கோவத்தத் தூக்கிப் போட்டுட்டு, என் சத்தம் கேட்டதும் ஓடி வந்த பாரு. உன் எடத்துல நான் இருந்திருந்தா வந்திருக்க மாட்டேன்டா. ‘கெடக்கட்டும்’னு போயிருப்பேன். எனக்கு அந்த மனசு கெடையாது.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே.

— சொல்லுவேன். ராத்திரி எல்லாரும் உக்காந்திருக்கும்போது எந்திரிச்சு நின்னு சொல்லப் போறேன். ஆபத்துன்னதும் தன் வேலைய விட்டுட்டு ஓடி வந்தவன் என் சகலைன்னு.

— வேணாம்ணே. ப்ளீஸ்.

— கூச்சப்படாதடா. நல்லவன நல்லவன்னு சொல்றதுக்கு என்ன? சரி, வா, போலாம். நீ போயி உன் வண்டிய எடு. நீ முன்னாடி போ, பள்ளம் வந்தாக் கையக் காட்டு.

— அண்ணே, ராணிய இங்கயே நிறுத்திட்டு நீங்களும் கொஞ்ச தூரம் மேல வரீங்களா?

— நான் எதுக்குடா மேல?

— என் வண்டி ஓடையில குப்புறக் கெடக்குண்ணே. காலையிலேருந்து ஒத்தையாத் தள்ளிப் பாத்துட்டு, யாரைக் கூப்பிட்டாலும் போட்டோ எடுப்பாங்களேன்னு, ‘கடவுளே, தூக்க ஒரு ஆள அனுப்பு’ன்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் நீங்க விழுந்த சத்தம் கேட்டுச்சு.